டின்னைத் திறப்பதா, அடுப்பைப் பற்றவைப்பதா?

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது, இனிமேல் போய்ச் சமைக்க வேண்டுமா என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அப்பா எங்களோடு இருக்கிறார். பல வருடங்களாக எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு தட்டு முழுக்க டின்தான்: சூப், சாஸில் வேகவைத்த பீன்ஸ், சூடாக்கினால் போதும் என்கிற முழுச் சாப்பாடு, மீன், தக்காளி. இன்று அந்தத் தட்டில் பாதிக்கு மேல் காலி. மீதி இருப்பதை விடுவதாக இல்லை. எதை விட்டோம், எதை வைத்துக்கொண்டோம், விட்டதற்குப் பதிலாக என்ன செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது அப்பாவின் ரத்த அழுத்தம். உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். சமையலில் குறைத்தோம், சாப்பாட்டு மேசையில் இருந்த உப்பு டப்பாவை எடுத்து உள்ளே வைத்தோம். அப்புறம் டின்களைத் திருப்பி, பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அதற்கு ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் போதும். சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 100 கிராமுக்கு 300 மில்லிகிராம் சோடியம் என்று ஒரு சூப் டின்னில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்க்கச் சின்ன எண். டின் 400 கிராம். அப்படியானால் 1,200 மில்லிகிராம் சோடியம், அதாவது 3 கிராம் உப்பு. பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் சேர்த்தே 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே சூப்பில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். சில லேபிள்களில் ஒரு வேளைக்கு இவ்வளவு என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டு, ஒரு டின் இரண்டு வேளைக்கு என்பதை வேறொரு மூலையில் போட்டிருப்பார்கள். பசியோடு உட்காருகிறவர் பாதி டின்னோடு எழுந்துவிடுவதில்லை.

இவ்வளவு உப்பும் கெடாமல் இருப்பதற்காகத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். டின் என்றாலே ரசாயனம் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பெரும்பாலான டின் உணவைக் காப்பாற்றுவது இரண்டே விஷயம்: காற்றுப் புகாத மூடியும் கடுமையான சூடும். நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர், மிட்டாய் செய்யும் தொழிலில் இருந்தவர், கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்து, இறுக மூடி, கொதிநீரில் வைத்தார். உணவு மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. தன் முறையை 1810-இல் அவர் வெளியிட்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். ஏன் கெடவில்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று லூயி பாஸ்டர் நிறுவ இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. இன்றைய ஆலைகளில் புளிப்பில்லாத உணவுகளை, டின்னின் நடுப்பகுதிவரை 121 டிகிரி செல்சியஸ் எட்டும்படியோ அதற்கு ஈடாகவோ சூடாக்குகிறார்கள். கொதிநீரின் 100 டிகிரியிலும் சாகாத, கொடிய நச்சை உண்டாக்கும் பாட்டுலினம் கிருமியின் வித்துகளை அழிக்கத்தான் அந்தச் சூடு.

அப்படியென்றால் உப்பு எதற்கு? சூப்பிலும் பீன்ஸிலும் அது பெரும்பாலும் ருசிக்குத்தான். உப்புச் சேர்க்காத டின்கள் அதே அலமாரியில், அதே காலாவதித் தேதியோடு இருப்பதே இதற்குச் சாட்சி. இதைப் புரிந்துகொண்டது எனக்கு மிகவும் உதவியது. டின் என்ற பொருளின் மேல் எனக்கு இருந்த சந்தேகம் போய்விட்டது. உள்ளே போட்டது யார் கை அளவு என்பதை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். ஒற்றைப் பொருள் மட்டும் இருக்கும் டின்னில் என் கைக்கு வேலை இருக்கிறது. வெறும் கடலை, வெறும் தக்காளி, வெறும் மீன் அப்படிப்பட்டவை. முடிந்த சாப்பாடாக வரும் டின்னில் உப்பு, இனிப்பு, கெட்டித்தன்மை எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் விட்டது அந்த இரண்டாவது வகையை.

விடுவது என்று முடிவு செய்துவிட்டால் மட்டும் போதாது. அந்த டின் நமக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். கழுவி ஊறப்போட இரண்டு நிமிடம். மறுநாள் வடித்துக் குக்கரில் ஏற்ற இன்னொரு மூன்று நிமிடம். மற்ற நேரமெல்லாம் கடலை தானாக ஊறுகிறது, தானாக வேகிறது. என் உழைப்பு பத்து நிமிடத்தைத் தாண்டாது. ஆனால் அந்த இரண்டு நிமிட வேலையை முந்தின இரவே செய்திருக்க வேண்டும். நேற்று யோசிக்காதவருக்கு இன்று கைகொடுப்பதுதான் டின்னின் உண்மையான உதவி. இது பிடிபட்டதும் எங்கள் முயற்சியெல்லாம் ஒரே திசையில் போனது: மாலை ஏழு மணி வேலையை வேறு நேரத்துக்கு நகர்த்துவது. புதிதாகச் சமையல் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே பெரிதாக வரவில்லை.

பருப்பு, பயறு, கடலை வகையில் தொடங்குங்கள் என்பேன். பலன் உடனே தெரிவது அதில்தான். 400 கிராம் டின்னில் தண்ணீரை வடித்தால் சுமார் 240 கிராம் கடலை இருக்கும். காய்ந்த கடலை 100 கிராமை ஊறவைத்து வேகவைத்தால் கிட்டத்தட்ட அதே அளவு கிடைத்துவிடும். அரைக் கிலோ பொட்டலத்தை வேகவைத்தால் ஐந்து டின்னுக்குச் சமம்.

ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போடக் கூடாது, தோல் கெட்டியாகிவிடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு ஊறவைத்தால் தோல் மென்மையாகிறது, வேகும்போது வெடிப்பதும் குறைகிறது. தோலில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும் கால்சியத்தின் இடத்தை உப்பின் சோடியம் எடுத்துக்கொள்வதுதான் காரணம். ஊறிய தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிடுவதால் அந்த உப்பில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் உப்பை மிகக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டியவர் வீட்டில் இருந்தால் வெறும் தண்ணீரே போதும். அப்பாவுக்காக நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கொஞ்சம் கூடுதல் நேரம் வேகவைத்தால் சரியாகிவிடுகிறது. கடினத் தண்ணீர் வரும் வீடுகளில் பயறு வேகாமல் அடம்பிடிப்பதற்கும் அதே கால்சியம்தான் காரணம். அங்கே ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். சிட்டிகைதான், அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும். புளிப்பு எதையும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். தக்காளியோடு சேர்த்து வேகப்போட்ட பயறு மணிக்கணக்கில் கல்லாகவே கிடக்கும்.

ஊறிய கடலைக்குக் குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம் வைக்கிறேன். அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்க வேண்டும். அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டால் உள்ளே திடீரென்று கொதித்துத் தோல் கிழிந்துபோகும். குக்கரில் பயறும் தண்ணீரும் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது. நுரை பொங்கி ஆவித் துளையை அடைக்கும். ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். வெந்ததா என்று பார்க்க ஒரு கடலையை நசுக்கிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஐந்தை எடுங்கள், பாத்திரத்தின் வெவ்வேறு இடத்திலிருந்து. ஒவ்வொன்றாக நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஐந்தும் மாவாகக் கரைந்தால்தான் வெந்தது. நான்கு கரைந்து ஒன்று நடுவில் மணல்போல உறுத்தினால் மறுபடி ஐந்து நிமிடம் வையுங்கள். எவ்வளவு வேகவைத்தும் உறுத்துகிறதென்றால் பெரும்பாலும் அது பழைய சரக்கு. வருடக்கணக்கில் கிடந்த பயறை எந்தச் சமையல்காரராலும் மிருதுவாக்க முடியாது.

சிவப்பு ராஜ்மாவில் மட்டும் விளையாட வேண்டாம். அதில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சு இயற்கையாகவே இருக்கிறது. சரியாக வேகாத சில பயறுகளே வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் வரவழைக்கப் போதும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வேண்டும். குறைந்தது 10 நிமிடம். 30 நிமிடம் என்றால் கவலையே இல்லை. மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் பச்சை ராஜ்மாவை நேராகப் போடவே கூடாது. அதன் மிதமான சூட்டில் நச்சு அழியாது. அரைவேக்காடு பச்சையைவிட மோசம். டின்னில் வரும் ராஜ்மா ஆலையிலேயே நன்றாக வெந்தது, அதில் இந்தப் பயம் இல்லை. சமைக்கத் தொடங்குகிற ஒரு இளைஞர் என்னிடம் கேட்டால், ராஜ்மாவை மட்டும் முதலில் டின்னிலேயே வாங்கு என்றுதான் சொல்வேன்.

வேகவைத்ததை எப்படி வைப்பது என்பதில்தான் இந்த ஏற்பாடு நிலைக்குமா நிலைக்காதா என்பது இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் ஃப்ரீசரில் வைத்தால் பாறையாக உறைந்துவிடும். அதை யாரும் தொட மாட்டார்கள். ஒரு டின் அளவு, அதாவது சுமார் 240 கிராம், பைக்குள் போட்டு, வெந்த தண்ணீர் கொஞ்சம் விட்டு, தட்டையாகப் படுக்கவைத்து உறையவைக்கிறோம். தட்டையாக இருப்பதால் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் பிரிந்துவிடும். டின் அளவாக இருப்பதால், ஒரு டின் கடலை என்று எழுதியிருக்கும் எந்தச் செய்முறைக்கும் அப்படியே பொருந்தும். பையின் மேல் பெயரும் தேதியும் எழுதியே ஆக வேண்டும். உறைந்த பிறகு எல்லாம் ஒரே மாதிரி தெரியும். சூடாக இருப்பதை வெளியிலேயே விட்டுவிடாதீர்கள்: அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஃப்ரிட்ஜில் என்றால் மூன்று, நான்கு நாட்கள். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் மாதக்கணக்கில் நிற்கும்.

அடுத்து ஸ்டாக், அதாவது காய்கறியையோ எலும்பையோ வேகவைத்து எடுக்கும் சாறு. கேரட் நுனி, வெங்காயத்தின் வெளி அடுக்கு, செலரித் தண்டு, காளான் காம்பு, எலும்பு இருந்தால் எலும்பு. எல்லாவற்றையும் ஒரு பையில் ஃப்ரீசரில் சேர்த்து, பை நிறைந்ததும் தண்ணீர் விட்டுச் சிறுதீயில் வைக்கிறோம். காய்கறிக்கு ஒரு மணி நேரம் போதும், எலும்புக்குக் கூடுதலாக வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வேண்டாம், கந்தக வாடை மொத்தத்தையும் கெடுத்துவிடும். ஒரே ஒரு விதி: இதில் உப்பே போடக் கூடாது. வற்றவைத்துக் கெட்டியாக்கி ஐஸ் தட்டில் உறையவைப்பதால், போட்ட உப்பெல்லாம் அந்தக் கட்டிக்குள் சேர்ந்துகொள்ளும். உப்பில்லாத ஸ்டாக் கையில் இருந்தால் அப்புறம் எந்தச் சமையலிலும் உப்பு நம் கட்டுப்பாட்டில்.

இப்போது டின் சூப்புக்குப் பதில் என்ன செய்கிறோம் என்று காட்டுகிறேன். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் போட்டு, ஓரம் பொன்னிறமாகும்வரை விடுகிறேன். அந்த நிறம்தான் உப்பு விட்டுப்போன இடத்தை முதலில் நிரப்புவது. பூண்டு, கேரட், நான்கைந்து ஸ்டாக் கட்டிகள், தண்ணீர், ஒரு பை கடலை. கடலையில் மூன்றில் ஒரு பங்கைக் கரண்டியின் பின்பக்கத்தால் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து மசித்துவிட்டால் சூப் தானாகக் கெட்டியாகிவிடும். டின் சூப்பில் அந்த வேலையை மாவுச்சத்து செய்கிறது. கேரட் வெந்ததும் இறக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, அப்புறம்தான் உப்பு. சாறு பிழிந்த பிறகு ருசித்தால் உப்புக் குறைவாகவே போதும். மேலாக மிளகுத்தூள். நறுக்க ஆரம்பித்ததிலிருந்து கிண்ணத்தில் ஊற்றும்வரை அரை மணி நேரம் ஆகும். டின்னைச் சூடாக்கப் பத்து நிமிடம் என்றால் வித்தியாசம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை நான் முழு மனதோடு தருகிறேன்.

முதல் சில வாரங்கள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "சப்புன்னு இருக்குப்பா" என்று கிண்ணத்தைத் தள்ளிவைப்பார். "கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கப்பா, நாக்கு பழகிடும்" என்றேன். நாக்கு பழகுவதும் உண்மைதான். உப்பைக் குறைத்துத் தொடர்ந்து சாப்பிட்டால், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் குறைந்த உப்பே போதுமானதாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். ஒரு நாள் வெளியே வாங்கிய சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னப்பா இவ்வளவு உப்பு?" என்று அவரே கேட்டார்.

ஊறப்போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ராத்திரி படுக்கப் போகும் முன், "நாளைக்கு என்ன போடட்டும்?" என்று கேட்பார். வேகவைப்பது நான், உறையவைத்துத் தேதி எழுதுவது மனைவி. இந்தப் பங்கீட்டை நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சமைப்பது நல்லது என்று பேசுவது எளிது. அந்த வேலை முழுவதும் வீட்டில் ஒருவர் தலையிலேயே விழுந்தால், அது நல்ல பழக்கம் என்ற பெயரில் ஒருவருக்குப் போடப்படும் சுமை. பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் யார் என்று நமக்குத் தெரியும். பங்கு போட ஆள் இல்லை, ஃப்ரீசர் இல்லை, உடம்பு முடியவில்லை, இரவுப் பணி என்கிறவர்கள் டின்னைத் திறந்து சாப்பிடுவதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. அவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: டின் கடலையையும் பயறையும் வடிகட்டியில் கொட்டி, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். சோடியத்தில் சுமார் 40 சதவீதம் அதிலேயே போய்விடும்.

தக்காளியை நாங்கள் டின்னில் தொடர்ந்து வாங்குகிறோம். பருவத்தில் வரும் நல்ல தக்காளிக்கு ஈடு இல்லை. மற்ற மாதங்களில் காயாகப் பறித்து வழியில் பழுக்கவைத்ததைவிட, பழுத்த பிறகு பறித்து டின்னில் அடைத்தது எவ்வளவோ மேல். வைட்டமின் சி சூட்டில் கொஞ்சம் போகும். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் என்ற சத்து, சமைத்த தக்காளியிலிருந்துதான் உடம்பில் நன்றாகச் சேரும். முழுத் தக்காளி டின்னாகப் பார்த்து வாங்குங்கள். துண்டு போட்டதில் வடிவம் குலையாமல் இருக்கப் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள்; எவ்வளவு கொதிக்கவைத்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும், சாஸுக்கு ஆகாது. டின் மீனையும் விடவில்லை. சின்ன மீன்களின் முள் உள்ளேயே வெந்து மிருதுவாகிவிடுவதால் முள்ளோடு சாப்பிடலாம், கால்சியம் கிடைக்கும். பட்டாணிக்கும் சோளத்துக்கும் உறைந்தது, காளானுக்குப் புதியது. டின் காளான் ரப்பர்.

இந்த உற்சாகத்தில் நாமே காய்கறிகளைப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கலாமே என்று தோன்றும். பயிற்சி இல்லாமல் செய்யாதீர்கள். புளிப்பில்லாத காய்கறி, பயறு, இறைச்சி எதுவானாலும் கொதிநீரில் வைத்து மூடினால் பாட்டுலினம் வித்து பிழைத்துக்கொள்ளும். காற்றில்லாத பாட்டில் அது வளர ஏற்ற இடம். நிறம், மணம் எதிலும் வித்தியாசம் தெரியாமலே நச்சு உருவாகலாம். அதற்கென்றே செய்த அழுத்தக் கலமும், சோதிக்கப்பட்ட செய்முறையும், நேரக் கணக்கும் வேண்டும். சாதாரணக் குக்கர் அந்த வேலைக்கு ஆகாது. எண்ணெயில் பூண்டு போட்டு வெளியே வைப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். மற்றதற்கெல்லாம் ஃப்ரீசரே போதும்.

வாங்கும் டின்னில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். மேலோ கீழோ உப்பியிருந்தால், கசிந்தால், திறக்கும்போது பீய்ச்சி அடித்தால் ருசி பார்க்கவே கூடாது, அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள். நடு உடலில் லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை. மடிப்பு ஓரத்தில் நசுங்கியிருந்தால் வேண்டாம். டின்னை அப்படியே அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது, உள்பூச்சு அதற்கானது இல்லை. அந்தப் பூச்சில் பயன்பட்டுவந்த பிஸ்பினால் ஏ என்ற பொருளை உணவோடு தொடும் பொருள்களில் தடை செய்ய ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் முடிவெடுத்தது. திறந்து மீதமானதைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று, நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். புதிதாக வாங்கியதைத் தட்டின் பின்பக்கம் வையுங்கள், பழையது முன்னால் வரும். புளிப்பான தக்காளி, பழ டின்கள் ஒன்று, ஒன்றரை வருடத்தில் தரம் இறங்க ஆரம்பிக்கும். மீனும் பயறும் இரண்டிலிருந்து ஐந்து வருடம் தாங்கும் என்பதால் அவை கொஞ்சம் பின்னால் இருந்தாலும் அவசரமில்லை.